துணைப் பயிற்சியாளருக்கு என்ன பங்கு?

மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் 2022-ஆம் ஆண்டு 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடைபெற்றபோது, செங்கல்பட்டு மாவட்டம் உருவாகி மூன்றாண்டுகள்கூட நிறைவடைந்திருக்கவில்லை. ரஷ்யாவில் நடக்கவிருந்த போட்டி, உக்ரைன் போரின் காரணமாக அங்கிருந்து மாற்றப்பட்டு, சில மாத அவகாசத்தில் தமிழ்நாட்டுக்கு வந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் இந்தக் கடற்கரையில் கூடின. பொதுப் பிரிவில் இந்திய ‘பி’ அணியும், மகளிர் பிரிவில் இந்திய ‘ஏ’ அணியும் வெண்கலம் வென்றன. இரு அணிகளுக்கும் தலா ரூ.1 கோடி பரிசை மாநில அரசு அறிவித்தது. குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி ஆகிய பெயர்கள் அதற்குப் பிறகு வீட்டுப் பெயர்களாகிவிட்டன.

அதே அரங்கில் இன்னொரு கூட்டமும் இருந்தது. பலகைகளுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற பயிற்சியாளர்கள், துணைப் பயிற்சியாளர்கள் ஆகியோரின் கூட்டம் அது. ஒலிம்பியாட் விதிகள் இவர்களிடம் மிகக் கடுமையானவை. ஆட்டம் தொடங்கிவிட்டால், நகர்த்தலைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லக் கூடாது. சமநிலைக்கு ஒப்புக்கொள்ளலாமா, ஆட்டத்தைக் கைவிடலாமா என்பது குறித்து மட்டும், அதுவும் அணித் தலைவராகப் பதிவுபெற்றவர், சுருக்கமாகச் சொல்லலாம். பல மாத உழைப்பை ஆட்டக்காரரின் மூளைக்குள் ஏற்றி அனுப்பிவிட்டு, அதன் பிறகு வாய்மூடி நிற்பதே இவர்களின் தொழில்.

இந்தத் தொழிலில் வாழ்நாளைச் செலவிடுகிறவருக்கு நாம் என்ன தருகிறோம் என்பதே என் கேள்வி. விளையாட்டுத் தலைநகரமாகத் தன்னை நிறுவிக்கொள்ள முனையும் தமிழ்நாடு, பதக்கம் வென்றவர்களைக் கொண்டாடுவதில் குறைவைக்கவில்லை. ஆனால், பதக்கத்தை உருவாக்கும் சங்கிலியில் இரண்டாவது, மூன்றாவது கண்ணிகளாக இருப்பவர்களைப் பற்றி நம்மிடம் தெளிவான கொள்கை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

மேடை ஏறாத உழைப்பு

செஸ் உலகில் துணைப் பயிற்சியாளரை ‘செகண்ட்’ என்பார்கள். ஐரோப்பாவில் வாள், துப்பாக்கி கொண்டு இருவர் மோதிக்கொண்ட காலத்தில், மோதுபவருக்குத் துணையாக உடன் சென்றவருக்கு வழங்கிய பெயர் அது. இன்றைய செகண்டின் பணி, எதிராளியின் பழைய ஆட்டங்களை அலசுவது, புதிய தொடக்க நகர்த்தல்களைக் கணினியின் உதவியோடு தேடுவது, ஆட்டக்காரர் உறங்கும் நேரத்தில் விழித்திருந்து காலையில் அவர் கையில் கோப்பைக் கொடுப்பது.

விஸ்வநாதன் ஆனந்த் 2008-இல் ஜெர்மனியின் பான் நகரில் விளாதிமிர் கிராம்னிக்கை வீழ்த்தியபோது, மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களில் கறுப்புக் காய்களுடன் பெற்ற வெற்றிகளே போட்டியின் திசையைத் தீர்மானித்தன. அந்தத் தயாரிப்பின் பின்னால் டென்மார்க்கின் பீட்டர் ஹைன் நீல்சன், உஸ்பெகிஸ்தானின் ருஸ்தம் காசிம்ஜானோவ், போலந்தின் ரதோஸ்லாவ் வொய்தாஷெக், கொல்கத்தாவின் சூர்ய சேகர் கங்கூலி ஆகியோர் இருந்தனர். கங்கூலி தொடர்ந்து ஆறு முறை தேசிய சாம்பியன் பட்டம் வென்றவர். காசிம்ஜானோவ் 2004-இல் ஃபிடே உலக சாம்பியனாக இருந்தவர். இத்தகையவர்கள் தங்கள் சொந்த ஆட்ட வாழ்வின் நல்ல மாதங்களை இன்னொருவரின் மகுடத்துக்காக ஒதுக்கினார்கள்.

இங்கே பலரும் கவனிக்காத ஓர் இழப்பு உண்டு. செஸ்ஸில் ஒரு புதிய தொடக்க யோசனை ஒரு முறைதான் ஆச்சரியம் தரும். அது மேடையில் ஆடப்பட்ட அடுத்த மணி நேரத்தில் உலகம் முழுவதும் அதைக் கணினியில் பிரித்துப் பார்த்துவிடும். துணையாளர் தனது சொந்தப் போட்டிக்கு வைத்துக்கொண்டிருக்கக்கூடிய ஒரு கண்டுபிடிப்பை மற்றவருக்குக் கொடுத்துவிட்டால், அது திரும்பி வராது. எழுத்தாளருக்கு நூலில் பெயர் இருக்கிறது. இசையமைப்பாளருக்கு உரிமத் தொகை இருக்கிறது. செஸ் துணையாளருக்கோ ஆட்டக்காரர் வாய்திறந்து சொன்னால்தான் பெயரே உண்டு.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரேனை 7.5–6.5 என்ற கணக்கில் வென்று 18 வயதில் உலக சாம்பியனான குகேஷ், அன்றைக்கே தனது குழுவின் பெயர்களை வெளியிட்டார். போலந்தின் கிரெகோர்ஸ் காயெவ்ஸ்கி தலைமையில், வொய்தாஷெக், ஹரிகிருஷ்ணா, வின்சென்ட் கெய்மர், யான் கிரிஸ்தோஃப் டூடா, யான் கிலிம்கோவ்ஸ்கி ஆகியோர் அதில் இருந்தனர். கெய்மரும் டூடாவும் மற்ற போட்டிகளில் குகேஷுக்கு எதிரே அமர்பவர்கள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். போட்டி முடியும்வரை பெயர்கள் ரகசியமாக வைக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. யார் உதவுகிறார் என்று தெரிந்தால், எந்தத் தொடக்கம் தயாராகிறது என்பதை எதிராளி ஊகித்துவிட முடியும். ஆக, இந்தத் தொழிலில் வெளிச்சம் படாமல் இருப்பதே வேலையின் ஒரு பகுதி. அதனால்தான் வெற்றிக்குப் பிறகான அங்கீகாரத்துக்கு இங்கே கூடுதல் மதிப்பு.

குகேஷை இன்னும் பின்னோக்கிப் பார்த்தால், 2019 ஜனவரியில் 12 வயதில் அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது உடன் இருந்தவர் சென்னையின் கிராண்ட்மாஸ்டர் விஷ்ணு பிரசன்னா. சிங்கப்பூர் மேடைக்கு வந்த குழுவுக்கு முந்தைய குழு அது. ஒருவரின் வெற்றி பல கைகளைக் கடந்து வருகிறது. கடைசிக் கையை மட்டுமே நாம் படம் பிடிக்கிறோம்.

தொகை எப்படிப் பிரிகிறது?

2024-இல் புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் இந்தியா இரு பிரிவுகளிலும் தங்கம் வென்றது. அகில இந்திய செஸ் கூட்டமைப்பு ரூ.3.2 கோடி பரிசு அறிவித்தது. பத்து ஆட்டக்காரர்களுக்குத் தலா ரூ.25 லட்சம், அணித் தலைவர்களாகவும் பயிற்சியாளர்களாகவும் இருந்த ஸ்ரீநாத் நாராயணன், அபிஜித் குண்டே ஆகியோருக்குத் தலா ரூ.15 லட்சம், குழுவின் தலைவர் திவ்யேந்து பருவாவுக்கு ரூ.10 லட்சம், துணைப் பயிற்சியாளர்களுக்குத் தலா ரூ.7.5 லட்சம். தமிழ்நாடு அரசு தன் பங்குக்கு குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி ஆகியோருக்குத் தலா ரூ.25 லட்சமும், ஸ்ரீநாத்துக்கு ரூ.15 லட்சமும் வழங்கியது.

துணைப் பயிற்சியாளர்களும் பட்டியலில் இடம்பெற்றது வரவேற்கத்தக்கது. பத்தாண்டுகளுக்கு முன் இதை நாம் எதிர்பார்த்திருக்க மாட்டோம். ஆனால், புடாபெஸ்ட் சென்ற துணைப் பயிற்சியாளர்களின் பெயர்களை வாசகர்களில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? ஆட்டக்காரர் பெற்றதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான தொகை என்பது எந்தக் கணக்கின் அடிப்படையில் முடிவானது? தொகை குறைவா, அதிகமா என்பது இரண்டாவது விஷயம். வெற்றிக்குப் பிறகு கருணையோடு தீர்மானிக்கப்படும் ஒன்று, வெற்றிக்கு முன்பே ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டியதல்லவா என்பதே முதல் விஷயம்.

கிரிக்கெட்டில் இதற்கு ஓர் முன்னுதாரணம் இருக்கிறது. 2018-இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றபோது, தலைமைப் பயிற்சியாளர் ராகுல் திராவிடுக்கு ரூ.50 லட்சம், வீரர்களுக்குத் தலா ரூ.30 லட்சம், உதவிப் பயிற்சியாளர்கள் உள்ளிட்ட பணியாளர்களுக்குத் தலா ரூ.20 லட்சம் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. ஒரே குழுவில் உழைத்தவர்களிடையே இந்த வேறுபாடு ஏன் என்று திராவிட் கேட்டார். அவரது தொகை பாதியாகக் குறைக்கப்பட்டு, பணியாளர்கள் அனைவருக்கும் சமமாக ரூ.25 லட்சம் தரப்பட்டது. 2024 டி20 உலகக் கோப்பைக்குப் பிறகும் அவர் மற்ற பயிற்சியாளர்களுக்கு இணையான தொகையையே ஏற்றுக்கொண்டதாகச் செய்திகள் வெளிவந்தன. திராவிடின் பண்பு போற்றத்தக்கது. ஆனால், ஒரு தனிமனிதரின் பெருந்தன்மையை நம்பித்தான் துணைப் பயிற்சியாளரின் நியாயம் நிலைபெற வேண்டும் என்றால், அந்த அமைப்பில் குறை இருக்கிறது என்றே பொருள்.

அமெரிக்கா சொல்லும் பாடம்

துணைப் பயிற்சியாளர் என்பதை முழுநீளத் தொழிலாக வளர்த்தெடுத்த விளையாட்டு ஒன்று உண்டென்றால், அது அமெரிக்கக் கால்பந்து. அங்கே ஒவ்வொரு தொழில்முறை அணியிலும் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே தாக்குதலுக்கு ஒருவர், தற்காப்புக்கு ஒருவர், அவர்களுக்குக் கீழே ஒவ்வொரு ஆட்ட நிலைக்கும் தனித்தனியே ஒருவர் என ஒரு படையே பணியாற்றுகிறது. இவர்களுக்கு ஒப்பந்தம், பதவிப் பெயர், படிநிலை எல்லாம் உண்டு. நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக ஆறு சூப்பர் பவுல் பட்டங்களைப் பெற்றுத் தந்த பில் பெலிச்சிக், 1975-இல் பால்டிமோர் கோல்ட்ஸ் அணியில் வாரம் 25 டாலருக்கு உதவியாளராகத் தொடங்கியவர். பிறகு நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக அவர் வகுத்த ஆட்டத் திட்டம், இன்று அந்த விளையாட்டின் புகழ் மண்டபத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. கீழ்ப்படியில் தொடங்கியவர் மேலே செல்வதற்கு ஏணி இருந்தது.

ஆயினும், அங்கும் குறை உண்டு. தற்காப்பு உத்திகளில் புதுப்பாதை வகுத்தவராகக் கருதப்படும் டிக் லெபோ, 40 ஆண்டுகளுக்கும் மேலாகப் பயிற்சியாளராக இருந்தவர். அவரது வாழ்வின் பெரும்பகுதி துணைப் பொறுப்புகளில் கழிந்தது. 2010-இல் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. ஆனால், பயிற்சியாளராக அல்ல, டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் முன்னாள் வீரராக. உதவிப் பயிற்சியாளர்களையும் களத்துக்கு வெளியே உழைப்பவர்களையும் தனியாகச் சிறப்பிக்கும் விருதை அந்த மண்டபம் 2022-இல்தான் தொடங்கியது. பணமும் படிநிலையும் தந்துவிட்ட சமூகம்கூட மரியாதையைத் தருவதற்கு இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டது. நம் நிலையோ இரண்டுமே இனிமேல்தான் என்பதாக இருக்கிறது.

செங்கல்பட்டில் இருக்கும் வாய்ப்பு

இந்த விவாதத்தை நான் செங்கல்பட்டு மாவட்டத்தோடு இணைத்துப் பார்ப்பதற்குக் காரணம், ஒலிம்பியாட் மட்டும் அல்ல. தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இந்த மாவட்டத்தின் மேலக்கோட்டையூரில்தான் இருக்கிறது. விளையாட்டுக்கென ஒரு பல்கலைக்கழகத்தை 2005-லேயே தொடங்கிய மாநிலம் இது. அங்கிருந்து கிழக்கே சிறிது தொலைவில் கடல். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மீனவக் குடும்பத்து இளைஞர்கள் அலைச்சறுக்கு கற்று, மற்றவர்களுக்கும் கற்றுத் தருகிறார்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நடந்தபோது, கர்நாடகத்தைச் சேர்ந்த ரமேஷ் புதிகால் வெண்கலம் வென்றார். அடுத்து 2026 ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் அலைச்சறுக்கு இடம்பெறுகிறது.

இந்தக் கடற்கரையில் பலகையைப் பிடித்துத் தள்ளிவிடும் இளைஞர், நீரோட்டத்தையும் காற்றையும் படிக்கத் தெரிந்தவர். அந்த அறிவு அவருக்குத் தகப்பன் வழியாகவும் பாட்டன் வழியாகவும் வந்தது. எந்தச் சான்றிதழிலும் அது பதிவாகவில்லை. சுற்றுலாப் பயணிகள் வரும் மாதங்களில் அவருக்கு வருமானம் உண்டு. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் குறையும். அவரிடம் கற்ற சிறுவன் நாளை பதக்கம் வென்றால், பெயர் யாருக்குப் போகும்? நகரத்திலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ கடைசி ஆறு மாதத்துக்கு அமர்த்தப்பட்ட பயிற்சியாளருக்குத்தான்.

பள்ளிகளின் நிலையையும் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி, ஓவியம் போன்றவற்றைக் கற்பிக்க 2012-இல் 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். மாதம் ரூ.5,000 என்று தொடங்கிய தொகுப்பூதியம், 12 ஆண்டுகளுக்குப் பிறகு 2024-இல் ரூ.12,500 ஆனது. பணி நிரந்தரம் கோரி அவர்கள் சென்னையில் நடத்திய போராட்டங்களை நாம் செய்தித்தாள்களில் தொடர்ந்து படித்துவருகிறோம். ஒரு குழந்தையின் ஓட்டத்தில் வேகம் இருக்கிறது என்று முதன்முதலில் கண்டுகொள்பவர் பெரும்பாலும் இத்தகைய ஆசிரியர்தான். விளையாட்டுச் சங்கிலியின் முதல் கண்ணி இத்தனை மெலிந்திருக்க, கடைசிக் கண்ணிக்கு மட்டும் பொன் பூசிக்கொண்டிருக்கிறோம்.

ஆர்.பி.ரமேஷின் வாழ்க்கை இங்கே நினைவுகூரத்தக்கது. 2002-இல் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டம் வென்ற கிராண்ட்மாஸ்டர் அவர். இந்தியன் ஆயில் நிறுவனத்தில் இருந்த நிலையான வேலையை 2008-இல் விட்டுவிட்டு, தன் மனைவி ஆர்த்தி ராமசாமியோடு சென்னையில் ‘செஸ் குருகுலம்’ தொடங்கினார். 2014 டிராம்சோ ஒலிம்பியாடில் வெண்கலம் வென்ற இந்திய அணிக்கும், 2022 மாமல்லபுரத்தில் வெண்கலம் வென்ற ‘பி’ அணிக்கும் பயிற்சியாளர் அவரே. மாமல்லபுரத்தில் பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானுக்கு எதிராக, வெற்றி கைக்கெட்டிய நிலையில் இருந்த ஆட்டத்தை 16 வயது குகேஷ் இழந்தார். மறுநாள் காலையே இறுதிச் சுற்று. ஒரே இரவில் உடைந்த மனங்களை ஒட்டவைத்து அணியை மீண்டும் பலகைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஜெர்மனியை 3–1 என்று வென்று அந்த அணி பதக்கத்தைத் தக்கவைத்தது. அவருக்கு 2023-ஆம் ஆண்டுக்கான துரோணாச்சார்யா விருது கிடைத்தது. அதே ஆண்டின் பட்டியலில் இந்திய ஹாக்கி அணியின் உதவிப் பயிற்சியாளராக இருந்த சிவேந்திர சிங்கும், வாழ்நாள் சாதனைப் பிரிவில் தமிழ்நாட்டின் கபடிப் பயிற்சியாளர் இ.பாஸ்கரனும் இடம்பெற்றனர். தேசிய அளவில் கதவு சற்றுத் திறந்திருக்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால், நிலையான வேலையைத் துறக்கும் துணிவு உள்ளவர்கள் மட்டுமே பயிற்சியாளராக முடியும் என்ற நிலை, ஒரு மாநிலக் கொள்கையாக இருக்க முடியாது.

எதிர்வாதங்கள்

இதற்கு மறுப்புகள் உண்டு. பலகையில் அமர்ந்து தோல்வியின் வலியைச் சுமப்பவர் ஆட்டக்காரர்தானே, பரிசு அவருக்கே உரியதல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். பெரும்பங்கு அவருக்கே போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், பங்கு சிறியதாக இருப்பது வேறு. வரையறுக்கப்படாமல் இருப்பது வேறு.

பயிற்சியாளருக்குப் பங்கு என்று அறிவித்தால், பதக்கம் வந்ததும் உரிமை கோரிப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. இது நடைமுறையில் காணக்கூடிய சிக்கல்தான். ஆனால், முன்கூட்டிய பதிவு இல்லாததுதான் இந்தச் சிக்கலுக்கே காரணம். யார், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை, யாருக்குக் கற்பித்தார் என்ற பதிவேடு இருந்தால், பொய்யான உரிமைகோரல் தானாகவே வடிகட்டப்பட்டுவிடும்.

பயிற்சி என்பது தனியார் சந்தை, அரசு ஏன் நுழைய வேண்டும் என்பது மூன்றாவது மறுப்பு. பொதுப் பணத்தில் பரிசு தரும் அரசு, பொதுப் பணத்தில் அகாதெமி கட்டும் அரசு, அந்தப் பணம் யாருடைய உழைப்பை வளர்க்கிறது என்று கேட்பதற்கு உரிமை மட்டுமல்ல, கடமையும் உடையது.

என்ன செய்யலாம்?

குகேஷின் பாராட்டு விழாவில், செஸ் வீரர்களை உருவாக்குவதற்கென ‘ஹோம் ஆஃப் செஸ்’ என்ற சிறப்பு அகாதெமி அமைக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். அந்த அகாதெமியையே தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம். அங்கே பணிபுரியும் துணைப் பயிற்சியாளர்களுக்கு ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படும் வாய்மொழி ஏற்பாடாக இல்லாமல், குறைந்தது மூன்றாண்டு எழுத்துபூர்வ ஒப்பந்தமும், வருங்கால வைப்பு நிதியும் வேண்டும். பரிசுத் தொகையில் அவர்களது விழுக்காடு அந்த ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். துணையாளர் எதிரணிக்குச் செல்லும்போது பின்பற்ற வேண்டிய நெறியும் அதில் இருக்க வேண்டும். ஆனந்துடன் பத்தாண்டுக் காலம் பணியாற்றிய நீல்சன், 2013-இல் மாக்னஸ் கார்ல்சனின் குழுவில் சேர்ந்த பிறகும், அந்த ஆண்டு சென்னையில் நடந்த ஆனந்த்–கார்ல்சன் போட்டியில் பழைய நண்பருக்கு எதிராகப் பணியாற்றவில்லை. தனிமனித நாணயமாக இருந்த அதை விதியாக ஆக்க முடியும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான பயிற்சியாளர் பதிவேடு ஒன்றைத் தொடங்கலாம். சிற்றூர் உடற்கல்வி ஆசிரியர் முதல் தேசிய அணியின் துணைப் பயிற்சியாளர்வரை ஒவ்வொரு கையும் அதில் பதிவாக வேண்டும். ஊக்கத்தொகை வழங்கும்போது அந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பங்கு போக வேண்டும்.

மேலக்கோட்டையூர் பல்கலைக்கழகம், பட்டம் இல்லாத அனுபவசாலிகளுக்கும் தன் கதவைத் திறக்கலாம். ஃபிடே அமைப்பு செஸ் பயிற்சியாளர்களுக்கு வளர்நிலைப் பயிற்றுநர் தொடங்கி முதுநிலைப் பயிற்சியாளர்வரை படிப்படியான பட்டங்களை வைத்திருக்கிறது. அதுபோல, கோவளத்துக் கடலை அறிந்தவருக்கும், கிராமத்துக் கபடிக் களத்தில் முப்பது ஆண்டுகள் நின்றவருக்கும் அனுபவத்தை அளந்து சான்று தரும் படிநிலை ஒன்றை வகுக்க முடியும். பல்கலைக்கழகமும் கடலும் ஒரே மாவட்டத்தில் இருக்கும்போது, இதற்குத் தடையாக இருப்பது தொலைவு அல்ல.

பூஞ்சேரியில் அணிகளை வழியனுப்பியபோது, இந்த ஒலிம்பியாட் நமக்கு விட்டுச்செல்லும் சொத்து என்ன என்று பலரும் கேட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் குகேஷ் உலக சாம்பியனானதும், புடாபெஸ்டில் இரட்டைத் தங்கம் கிடைத்ததும் அந்தக் கேள்விக்குப் பாதி விடையைத் தந்துவிட்டன. மீதிப் பாதி, அந்த ஆட்டங்களைப் பார்த்துச் செஸ் கற்க வந்த பல்லாயிரம் குழந்தைகளின் எதிரே யார் அமரப்போகிறார், அவர் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பாரா என்பதில் அடங்கியிருக்கிறது. மாதக் கடைசியில் வீட்டு வாடகையை எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவரால், ஒரு குழந்தைக்குப் பத்தாண்டுத் திட்டம் வகுக்க முடியாது. பரிசளிப்பு மேடையை அகலப்படுத்துவதற்கு முன்பு, அவருடைய நாற்காலியை உறுதிப்படுத்துவதே அரசு செய்ய வேண்டிய முதல் வேலை.